இந்திய அடி

இந்திய அடி என்பது பிரிட்டிஷ் அடியில் 0.99999566 பங்கு. 1860-களில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில், அலெக்சாண்டர் ராஸ் கிளார்க் பல நாடுகளின் நீளச் சட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது கிடைத்த எண் இது. ஆயிரம் கிலோமீட்டரை அளந்தால் இரண்டு அடிகளுக்கும் இடையே நாலேகால் மீட்டருக்குச் சற்று மேல் வேறுபாடு வரும். வீடு கட்டுபவருக்கு அது ஒரு பொருட்டல்ல. நாடு முழுவதற்கும் வரைபடம் போட்டவர்களுக்கும், அதைக் கொண்டே பூமியின் பருமனைக் கணக்கிட்டவர்களுக்கும் அது பெரிய தலைவலியாக இருந்தது. அந்த அடியின் கதை சென்னையில், பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்குகிறது.

18-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய அறிவியலாளர்களை வாட்டிய கேள்வி, பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பது. பூமத்திய ரேகைக்கு அருகிலும் துருவத்துக்கு அருகிலும் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளத்தைத் தரையில் அளந்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். பிரெஞ்சு அகாடமி 1730-களில் பெருவுக்கும் லாப்லாந்துக்கும் குழுக்களை அனுப்பியது இதற்காகத்தான். பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது அதே அகாடமி கேள்வியைத் திருப்பிப் போட்டது. துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை நீள அலகாக வைத்துக்கொள்வது என்று 1791-இல் முடிவாயிற்று. டெலாம்பரும் மெஷேனும் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை அளந்து முடிக்க ஏழாண்டு பிடித்தது. 1799-இல் பிளாட்டினத்தில் வார்த்த மீட்டர், இருக்கவேண்டிய நீளத்தைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவாக அமைந்தது பின்னாளில்தான் தெரியவந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் பூமியிலிருந்து அலகை எடுக்க முயன்ற அதே பத்தாண்டின் இறுதியில், அலகை வைத்துப் பூமியை அளக்க வேண்டும் என்ற திட்டத்தோடு சென்னை அரசாங்கத்தை அணுகினார் வில்லியம் லாம்டன். 33-ஆம் காலாட்படையைச் சேர்ந்த அதிகாரி. ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் புதிதாகக் கிடைத்த நிலப்பரப்பை வரைபடத்தில் ஏற்றவேண்டிய தேவை வந்தது. அந்தத் தேவையைச் சுட்டிக்காட்டியே லாம்டன் தம் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கினார். ஆனால் அவர் மனம் பூமியின் உருவத்தில்தான் இருந்தது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில், போக்குவரத்துக்கு வசதியாக, கம்பெனியின் பிடியில் இருந்த நீண்ட நிலம் தென்னிந்தியாவைப்போல வேறில்லை.

அளக்க ஒரு சங்கிலி வேண்டும். அதுவும் விந்தையான வழியில் வந்தது. லண்டனின் பெயர்பெற்ற கருவி வினைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் எஃகில் செய்த சங்கிலி அது. 1793-இல் மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு சீனப் பேரரசருக்குக் கொண்டுபோன அறிவியல் பொருள்களில் ஒன்றாகப் பீக்கிங் சென்று, அங்கே மதிப்பாரின்றித் திரும்பி, குழுவோடு சென்ற டின்விடி என்பவரிடம் தங்கி, கல்கத்தா வழியாக லாம்டன் கைக்கு வந்து சேர்ந்தது. நீளம் 100 அடி. இரண்டரை அடிக்கு ஒன்றாக 40 கண்ணிகள். பின்னர் இங்கிலாந்திலிருந்து இன்னொரு சங்கிலி வந்தது. ஒன்று தரையில் உழைக்க, மற்றது தேய்மானம் படாமல் ஒப்பீட்டுக்கென்று தனியே பாதுகாக்கப்பட்டது. கோணங்களை அளக்க, லண்டனில் கேரி செய்த அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் வரவேண்டியிருந்தது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோயினர். பெட்டியில் இருந்தது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் சென்னைக்கே அனுப்பிவைத்தனர்.

அதற்காகக் காத்திருக்காமல் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்டன் வேலையைத் தொடங்கினார். முக்கோண அளவையில் தரையில் நேராக அளக்கவேண்டியது ஒரே ஒரு கோடுதான். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால், மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் கிடைத்துவிடும். அந்தப் பக்கங்களை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது. அதனால் முதல் கோட்டில் உள்ள பிழை கடைசி முக்கோணம் வரை தொடரும். கடல்மட்டத்துக்கு அருகில், மேடுபள்ளம் அதிகமில்லாத நிலம் தேவைப்பட்டதால் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் பக்கத்து மேட்டுக்கும் இடைப்பட்ட வெளி தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று ஐ.டி. நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் நெருக்கும் பகுதி அது. கோட்டின் நீளம் 40,006 அடியும் சில்லறையும், அதாவது ஏழரை மைலுக்குச் சற்று மேல். நூறடிச் சங்கிலியை நானூறு முறை வைத்து எடுக்கவேண்டும்.

வெறுந்தரையில் போட்டு இழுக்கும் வேலை அல்ல அது. நிலத்தில் முளையடித்து, அவற்றின்மேல் மரத் தொட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக நிறுத்தி, தொட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தி, ஒரு முனையைப் பிணைத்து மறுமுனையில் எடை தொங்கவிட்டு இறுக்கினார்கள். வெயில் படாமல் மேலே கூடாரத் துணி. ஒவ்வொரு தொட்டியிலும் வெப்பமானி. எல்லா வெப்பமானிகளையும் படித்துக் குறித்த பிறகே சங்கிலி அடுத்த நிலைக்கு நகரும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பது ஒரு சிறு கணக்கில் விளங்கும். எஃகு ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேறினால் பத்து லட்சத்தில் ஆறு பங்குக்குச் சற்று மேல் நீள்கிறது. நூறடிச் சங்கிலியில் அது அங்குலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஏழரை மைலில் மூன்று அங்குலமாகிவிடும். அக்காலப் பிரிட்டிஷ் அளவுகோல்கள் 62 பாரன்ஹீட் டிகிரியில் சரியாக இருக்கும்படி செய்யப்பட்டவை. லண்டனில் ஓர் அறையில் அந்த வெப்பநிலை இயல்பு. சித்திரை வெயிலில் சென்னையில் 95 டிகிரி என்பது வியப்பல்ல. வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் பரங்கிமலைக் கோடு உண்மையைவிட எட்டு அடி குறைவாக வந்திருக்கும். சென்னையின் கோடை அறிவியலுக்குத் தந்த தொந்தரவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

கணக்கு எவ்வளவு சரி என்பது 1804-இல் பெங்களூரில் தெரிந்தது. சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே போய், பெங்களூரில் ஏழு மைல் அளவுள்ள இன்னொரு கோட்டைத் தரையில் சங்கிலியால் அளந்து, முக்கோணக் கணக்கு சொன்ன நீளத்தோடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

தெற்கே காவிரிப் படுகையில் வேறு வகைச் சிக்கல் எழுந்தது. குன்றே இல்லாத சமவெளி. கண்ணை மறைக்கும் தென்னந்தோப்புகள். உயரமாக நின்றவை கோயில்கள்தாம். கோபுரங்களின் உச்சி அளவை நிலையங்களாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணக் குறிகள் பொறித்த வட்டம் வளைந்துபோனது. வேறு யாராயிருந்தாலும் இங்கிலாந்துக்கு எழுதிவிட்டு இரண்டு வருடம் காத்திருந்திருப்பார்கள். லாம்டன் அதைத் திருச்சிராப்பள்ளிப் படைக்கலச் சாலைக்குக் கொண்டுபோய், ஆறு வாரம் அதனோடேயே கிடந்து, ஆப்பும் திருகும் வைத்துத் தட்டித் தட்டி வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார்.

கருவி மோதிய அந்தக் கோயிலுக்கே அளவைகளில் ஒரு பழைய வரலாறு உண்டு. முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் மணிகளைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகச் சொல்கின்றன. நெல் அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான். அது இராஜகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்று கூடவே பொறித்துவைத்திருக்கிறார்கள். கோயிலின் அளவு எந்தப் பொது அளவோடு பொருந்தும் என்பதைச் சுவரிலேயே எழுதிவிட வேண்டும் என்ற கவனம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்தது. சோழர் நிலமளந்த கோல்களும் அப்படித்தான், பதினாறு சாண் கோல் என்றோ வேறொன்று என்றோ எந்தக் கோல் என்று சொல்லாமல் எழுதப்பட்ட பரப்பளவுக்குப் பொருள் இல்லை. ஊருக்கு ஊர் குழியும் மாவும் மாறியது இதனால்தான்.

குமரிமுனைக்கு அருகே தெற்கு முனையை அடைந்த லாம்டன், பிறகு வடக்கே திரும்பி, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி ஹைதராபாத் பகுதி வரை பத்து டிகிரி நீளமுள்ள வில்லை அளந்துவிட்டார். 1818 முதல் அந்தப் பணி சென்னை அரசிடமிருந்து கல்கத்தாவின் கைக்குப் போய், இந்தியாவின் பெரும் முக்கோண அளவை என்ற பெயர் பெற்றது. அதே ஆண்டு உதவியாளராகச் சேர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1823 ஜனவரியில் நாக்பூருக்கருகே ஹிங்கன்காட்டில், எழுபதை நெருங்கிய வயதில், வேலையின் நடுவிலேயே லாம்டன் காலமானார். பின்வந்த எவரெஸ்டின் பெயரை உலகின் உயரமான சிகரத்துக்கு வைத்ததில் லாம்டன் மறைந்துபோனார் என்பது வரலாற்றின் ஓரவஞ்சனை என்றே சொல்லவேண்டும்.

இதற்கிடையில் லண்டனிலேயே அடியின் நிலை ஆட்டம் கண்டிருந்தது. பிரிட்டனில் புழங்கிய உயர்தர அளவுகோல்களை ஹென்றி கேட்டர் நுண்ணோக்கிகளின் கீழ் வைத்து ஒப்பிட்டு 1821-இல் முடிவுகளை வெளியிட்டார். அவை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. 1824-ஆம் ஆண்டுச் சட்டம் ஜான் பேர்ட் 1760-இல் செய்த பித்தளைக் கஜத்தை 62 டிகிரி வெப்பத்தில் நாட்டின் திட்ட அளவாக்கியது. அது தொலைந்தால் என்ன செய்வது என்பதற்கும் சட்டமே வழி சொன்னது: லண்டனில் ஒரு வினாடிக்கு ஒருமுறை ஆடும் ஊசலின் நீளம் 39.1393 அங்குலம் என்பதால், ஊசலை ஆட்டிக் கஜத்தை மீட்டுக்கொள்ளலாம். பத்தே வருடத்தில் அந்த நாள் வந்துவிட்டது. 1834 அக்டோபர் 16-ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்ததில் கஜம் பாழானது. அப்போது பார்த்தால், ஊசலின் நீளத்தைக் கணக்கிட்ட முறையிலேயே பிழைகள் இருந்தன. அதை நம்பிக் கஜத்தைத் திரும்பச் செய்ய முடியாது என்று ஆணையம் கைவிரித்தது. எரிந்துபோன அளவோடு முன்பு ஒப்பிடப்பட்டிருந்த மற்ற கோல்களே கைகொடுத்தன. அவற்றின் துணையோடு ரிச்சர்ட் ஷீப்ஷாங்க்ஸ் எண்ணற்ற ஒப்பீடுகள் செய்து உருவாக்கிய வெண்கலச் சட்டம் 1855-இல் சட்டப்படியான கஜமாயிற்று.

இயற்கையிலிருந்து அலகை மீட்கலாம் என்ற நம்பிக்கை பாரிசிலும் லண்டனிலும் ஒரே மாதிரித் தோற்றது. இரண்டு இடங்களிலும் கடைசியில் உலோகச் சட்டமே நின்றது.

இந்தியாவில் அந்தச் சட்டம் தனிவழி போயிருந்தது. 1830-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய எவரெஸ்ட், சங்கிலியைக் கைவிட்டு, தாமஸ் கோல்பி அயர்லாந்தின் அளவைக்காக வடிவமைத்த ஈடுகட்டும் சட்டங்களைக் கொண்டுவந்தார். பித்தளைத் தண்டு ஒன்றும் இரும்புத் தண்டு ஒன்றும் நடுவில் பிணைந்து அருகருகே கிடக்கும். முனைகளில் இரண்டையும் இணைக்கும் எஃகு நாக்குகள். சூடேறும்போது பித்தளை கூடுதலாக நீள்வதால் நாக்கு சற்றுச் சாயும். அந்த நாக்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்த புள்ளி மட்டும் வெப்பம் எதுவானாலும் நகராது. அழகான எண்ணம். ஆனால் இரண்டு உலோகங்களும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை, ஆறுவதுமில்லை. அதனால் காலையும் மாலையும் புள்ளி முழுக்கச் சொன்னபடி கேட்கவில்லை. எனவே அந்தச் சட்டங்களை அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க ‘ஏ’ எனப் பெயரிட்ட பத்தடித் திட்டச் சட்டம் வைக்கப்பட்டது. அதன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கே இந்திய அடி.

எவரெஸ்ட் தம் முன்னோடியின் அளவுகளோடு தம்முடையதையும் சேர்த்து 1830-இல் பூமியின் வடிவத்துக்கு எண்கள் தந்தார். பூமத்திய ரேகையில் அரைவிட்டம் 2,09,22,931.80 அடி; துருவத் தட்டைமை 300.8017-இல் ஒரு பங்கு. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், மியான்மர் ஆகியவற்றின் வரைபடங்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த எண்களின்மேல்தான் நின்றன. இன்றைய கணக்கில் பூமியின் அரைவிட்டம் இதைவிட எண்ணூறு மீட்டருக்கு மேல் பெரியது. இந்தியத் துணைக்கண்டத்தின் வளைவுக்குப் பொருந்தியதால் அது நிலைத்தது.

எண்கள் அடியில் இருந்தவரை எந்தச் சச்சரவும் இல்லை. மீட்டருக்கு மாற்றியபோதுதான் பூமிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அரைவிட்டங்கள் முளைத்தன. இந்திய அடிக்கும் பிரிட்டிஷ் அடிக்கும் உள்ள தொடர்பைக் கிளார்க் கொடுத்துவிட்டார். பிரிட்டிஷ் கஜத்துக்கும் மீட்டருக்கும் உள்ள தொடர்பே சிக்கல். கிளார்க் 1865-இல் கஜம் 0.9144025 மீட்டர் என்று கண்டார். 1895-இல் பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு அளவைப் பணியகத்தில் பெனுவா புதிய பிளாட்டினம்-இரிடியம் மீட்டரோடு ஒப்பிட்டு 0.9143992 மீட்டர் என்றார். வேறுபாடு ஒரு கஜத்தில் ஒரு மயிரிழைகூட இல்லை. பூமியின் அரைவிட்டத்துக்கு வரும்போது அது இருபது மீட்டரைத் தாண்டிவிடுகிறது.

பெனுவாவின் எண்ணை ஏற்றால் இந்திய அடி 0.30479841 மீட்டர். எவரெஸ்டின் அரைவிட்டம் 63,77,276.345 மீட்டராகிறது. 1937-ஆம் ஆண்டுச் சரிக்கட்டலோடு சேர்த்துச் சொல்லப்படும் எண் இது. கிளார்க்கின் எண்ணைக் கொண்டால் அடி 0.3047995 மீட்டர், அரைவிட்டம் 63,77,299.151 மீட்டர். பாகிஸ்தானில் வழங்கிய 0.3047996-ஐ எடுத்தால் 63,77,301.243 மீட்டர். மூன்றும் ஒரே எவரெஸ்டின் ஒரே பூமிதான். அடியில் எழுதிய எண் ஒரு புள்ளிகூட மாறவில்லை. இன்றும் நில வரைபட மென்பொருள்களின் பட்டியலில் ‘இந்திய அடி’ என்பது ஒன்றாக இல்லாமல் 1937, 1962, 1975 என்று ஆண்டு ஒட்டிய பல வடிவங்களில் கிடக்கிறது. எல்லைப் பகுதியின் பழைய வரைபடங்களைச் சேர்த்து ஒட்டுபவர் எந்த ஆண்டின் அடி என்று பாராமல் விட்டால், கோடுகள் விலகிப்போகும்.

நிலப்பதிவேடுகளின் உலகம் இந்தக் கவலையிலிருந்து விலகியே இருந்தது. சென்னை மாகாண வருவாய் அளவை, 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட குண்ட்டர் சங்கிலியால் வயல்களை அளந்தது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நகரத்தில் 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு, 24 கிரவுண்டு ஒரு காணி. இந்திய அடி கொண்டு அளந்தாலும் பிரிட்டிஷ் அடி கொண்டு அளந்தாலும் ஒரு கிரவுண்டில் மாறுவது மூன்று சதுர அங்குலம். பத்திரத்தில் சண்டை வர அதைவிடப் பெரிய காரணங்கள் எப்போதும் இருந்திருக்கின்றன.

இந்தியா 1956-இல் எடை, அளவைகளுக்கான சட்டத்தை இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறியது. 1957-இல் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1959 ஜூலை 1 முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகள் சிலவும் கஜத்தைத் துல்லியமாக 0.9144 மீட்டர் என்று வகுத்துக்கொண்டன. கிளார்க்குக்கும் பெனுவாவுக்கும் இடைப்பட்ட, யாரும் அளந்து காணாத எண் அது. ஒப்பந்தத்தால் வந்த எண் என்பதால் அதற்கு இனிப் பிழை கிடையாது. மறு ஆண்டே மீட்டரும் சட்டத்திலிருந்து கிரிப்டான் ஒளியின் அலைநீளத்துக்கு மாறி, 1983-இல் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் என்றாயிற்று. பழைய வரைபடங்களின் அடி மட்டும் மாற்ற முடியாதது. அந்தக் கோடுகள் ஒருமுறை தரையில் அளக்கப்பட்டுவிட்டன. அளந்த சட்டத்தின் நீளம்தான் அவற்றின் நீளம்.

2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான வரைபடங்களைச் செயற்கைக்கோள் வழி வகுத்த உலகளாவிய அமைப்புக்கு மாற்றியது. பாதுகாப்புத் துறைக்கான வரைபட வரிசையில் எவரெஸ்டின் பூமிக்கும் இடம் இருந்தது.